கான்ஃபரன்ஸ் அறையில் படம் வராதபோது: எச்டிஎம்ஐ கோளாறை வரிசையாகத் தேடிப் பிடிக்கும் வழி

கூட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது டிவி கறுத்து நின்றால், இந்த வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் கைக்கு எட்டிய கேபிள்களையெல்லாம் பிடுங்கிப் பிடுங்கிச் செருகுவார்கள். சில சமயம் படம் வந்துவிடும். எதனால் வந்தது என்று தெரியாததால், மறுநாள் அதே அறையிலிருந்து அதே அழைப்பு வரும். கேரள எல்லையில், பாலக்காட்டுப் பக்கம் உள்ள கஞ்சிக்கோட்டு ஆலைகளிலும் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்துக் கல்லூரிகளிலும் இத்தகைய அறைகளைப் பொருத்திப் பராமரித்து வருவதில், கேபிள் அறுந்து கிடந்ததைவிட, இரண்டு சாதனங்கள் தமக்குள் பேசி முடிக்காமல் நின்றுபோனதையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். கீழே உள்ள வரிசை அந்த அனுபவத்தில் அமைந்தது. வரிசையை மாற்றினால், கோளாறு எங்கே இருந்தது என்பதற்கான தடயம் நம் கையாலேயே அழிந்துவிடும்.

1. புறப்படும் முன் பையில் இருக்க வேண்டியவை

இரண்டு மீட்டருக்கு மிகாத, நன்றாக வேலை செய்வது உறுதியான எச்டிஎம்ஐ கேபிள் ஒன்று. அதைச் சோதனைக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும்; "இப்போதைக்கு இருக்கட்டும்" என்று எந்த அறையிலும் விட்டுவிட்டு வரக்கூடாது. எச்டிஎம்ஐ உள்ளீடு உள்ள சிறிய மானிட்டர் ஒன்று. அமைப்புகள் நமக்குப் பழகிய லேப்டாப் ஒன்று. எச்டிஎம்ஐக்கு மாற்றும் யுஎஸ்பி-சி அடாப்டர், மல்டிமீட்டர், ஒட்டு நாடா, அழியாத மை பேனா.

பட்டியல் சிறியதுதான். ஆனால் இவற்றில் ஒன்று விட்டுப்போனால் கோயம்புத்தூர் வரை போய்த்தான் வாங்கிவர வேண்டியிருக்கும். பக்கத்துக் கடையில் கிடைக்கும் கேபிள் நல்லதா என்பது நமக்குத் தெரியாது. நல்லதென்று தெரியாத பொருளை வைத்துச் சோதித்தால் ஒரு சந்தேகம் இரண்டாகும்.

2. எதையும் தொடாமல் பார்க்க வேண்டியவை

எல்லைப் பகுதி அலுவலகங்களில் வரும் புகார் பெரும்பாலும் "அண்ணா, டிவி போயி" என்ற ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடும். அந்த வாக்கியத்துக்குள் ஐந்தாறு வெவ்வேறு கோளாறுகள் இருக்கலாம். ஆகவே முதல் கேள்வி: திரையில் எழுத்து ஏதாவது தெரிகிறதா?

"நோ சிக்னல்" என்ற எழுத்து தெரிந்தால், டிவி உயிரோடு இருக்கிறது, அந்த உள்ளீட்டுக்கு எதுவும் வந்து சேரவில்லை என்று பொருள். டிவி இயங்கியும் எழுத்தே இல்லாமல் வெறும் கறுப்பாக இருந்தால், பெரும்பாலும் சிக்னல் வருகிறது. ஆனால் காட்ட முடியாத வடிவில் வருகிறது, அல்லது நகலெடுப்பதைத் தடுக்கும் உள்ளடக்கப் பாதுகாப்பு அதை மறிக்கிறது. உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் மின்னினால் கேபிளின் நீளத்தையோ தரத்தையோ சந்தேகிக்க வேண்டும். சில விநாடிக்கு ஒருமுறை படம் மறைந்து திரும்பினால், இரு சாதனங்களும் பேசி முடித்ததை மீண்டும் மீண்டும் முறித்துக்கொள்கின்றன. படம் முழுவதும் இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ தெரிந்தால், நிற வடிவத்தை ஒரு பக்கம் ஒருவிதமாகவும் மறுபக்கம் வேறுவிதமாகவும் எடுத்துக்கொண்டிருக்கலாம், அல்லது கேபிளில் ஒரு ஜோடிக் கம்பி போயிருக்கலாம்.

இரண்டாவது கேள்வி, போனது எது என்பது. எதிர்முனையில் இருப்பவரின் முகம் தெரிகிறது, ஆனால் லேப்டாப் திரையைப் பகிர முடியவில்லை என்றால், டிவிக்குப் போகும் பாதை நன்றாக இருக்கிறது. மேசைப் பக்கம்தான் பார்க்க வேண்டும். இந்த ஒரு கேள்வி பாதி வேலையைக் குறைத்துவிடும்.

பிறகு சாதனங்களின் பின்புறத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து, ஒவ்வொரு கேபிளின் நுனியிலும் நாடா ஒட்டி எண் எழுத வேண்டும். புதியவர்கள் இதை நேர விரயம் என்று நினைக்கிறார்கள். கறுப்பு நிறத்தில் ஒரே மாதிரியான ஆறு கேபிள்களைக் கழற்றிய பிறகு அந்த நினைப்பு மாறிவிடும்.

3. எது உள்ளே, எது வெளியே

எச்டிஎம்ஐ பொருத்துவாய் உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் ஒரே வடிவில்தான் இருக்கும். தவறான இடத்தில் செருகினாலும் அது கச்சிதமாகப் பொருந்திக்கொள்ளும். கேமராவின் வெளியீடு கோடெக்கின், அதாவது வீடியோ அழைப்பை நடத்தும் பெட்டியின், கேமரா உள்ளீட்டுக்கும், லேப்டாப்பின் வெளியீடு கோடெக்கின் பகிர்வு உள்ளீட்டுக்கும், கோடெக்கின் வெளியீடு டிவியின் உள்ளீட்டுக்கும் போக வேண்டும். இதை ஒரு தாளில் அம்புக்குறியோடு வரைந்துகொண்டு, கேபிளை விரலால் தொடர்ந்து போய்ச் சரிபார்க்க வேண்டும்.

கேமராவை லேப்டாப்பின் எச்டிஎம்ஐயில் நேரே செருகிவிட்டுப் படம் வரவில்லை என்று அழைத்தவர்கள் உண்டு. லேப்டாப்பில் உள்ள எச்டிஎம்ஐ பொதுவாக வெளியீடு மட்டுமே. கேமராவின் படம் உள்ளே வர வேண்டுமானால் இடையில் கேப்சர் கருவி வேண்டும்.

திசை உள்ள பொருள்கள் இன்னும் மூன்று. ஒளியிழை எச்டிஎம்ஐ கேபிளில் ஒரு முனை "சோர்ஸ்" என்றும் மறுமுனை "டிஸ்ப்ளே" என்றும் குறிக்கப்பட்டிருக்கும். மாற்றிச் செருகினால் படம் வராது. டிஸ்ப்ளேபோர்ட் என்ற வேறு வகைப் பட வாயிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் சாதாரண அடாப்டர் எதிர்த்திசையில் வேலை செய்யாது. நெட்வொர்க் கேபிள் வழியாக எச்டிஎம்ஐயை நீட்டிக்கும் எக்ஸ்டெண்டரில் அனுப்பும் பெட்டியும் வாங்கும் பெட்டியும் வேறு வேறு. அவற்றுக்கு இடையிலான கேபிளை அலுவலகத்தின் நெட்வொர்க் சுவிட்சில் செருகவே கூடாது. சில மாடல்கள் அதே கம்பியில் மின்சாரத்தையும் அனுப்புகின்றன.

4. அணைத்து ஏற்றும் வரிசை

ரிமோட்டில் அணைப்பது அணைப்பு ஆகாது. டிவி, கோடெக், இடையில் உள்ள பெட்டிகள் எல்லாவற்றின் பிளக்கையும் சாக்கெட்டிலிருந்து எடுத்துவிட்டு ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். பிறகு டிவியை முதலில் ஏற்றி, சரியான உள்ளீட்டு எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அடுத்து எக்ஸ்டெண்டர், ஒரே படத்தை இரண்டு டிவிகளுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் போன்ற இடைப் பெட்டிகள். அதன் பிறகு கோடெக். லேப்டாப்பின் கேபிளைக் கடைசியில் செருக வேண்டும்.

இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. எச்டிஎம்ஐ செருகியின் 19 பின்களில், 18ஆம் பின் வழியாக அனுப்பும் சாதனம் 5 வோல்ட் கொடுக்கிறது. டிவி 19ஆம் பின்னை உயர்த்தி, தான் இருப்பதைத் தெரிவிக்கிறது. அப்போதுதான் அனுப்பும் சாதனம் 15, 16ஆம் பின்கள் வழியாக டிவியின் ஈடிஐடி என்ற சிறு தகவல் தொகுப்பைப் படிக்கிறது. அந்த டிவி எந்தெந்த ரெசல்யூஷனைக் காட்டும், ஒலியை ஏற்குமா என்பதெல்லாம் அதில் இருக்கும். டிவி தயாராகும் முன்பே கோடெக் விழித்துக்கொண்டால், ஈடிஐடி கிடைக்காமல் தன் விருப்பத்துக்கு ஒரு வடிவத்தை அனுப்பும், அல்லது எதையும் அனுப்பாமல் இருந்துவிடும்.

மின்தடைக்குப் பிறகு மட்டும் படம் வராத அறை என்றால், இந்த வரிசை குலைந்ததே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். கோடெக் யுபிஎஸ்ஸிலும் டிவி யுபிஎஸ் இல்லாத சாக்கெட்டிலும் இருக்கும் அறைகளில் இது வாடிக்கை.

5. பாதையைப் பாதியாக வெட்டுதல்

இதுவரை சரியாகவில்லை என்றால், இனிமேல்தான் உண்மையான தேடல். நம் லேப்டாப்பை நம் சிறிய கேபிளால் டிவியில் நேரே செருக வேண்டும். படம் வந்தால் டிவியும் அந்த உள்ளீடும் நல்லவை. வராவிட்டால் டிவியின் வேறொரு உள்ளீட்டில் செருகிப் பார்க்க வேண்டும். அடுத்து, நம் சிறிய மானிட்டரைக் கோடெக்கின் வெளியீட்டில் அதே சிறிய கேபிளால் நேரே செருக வேண்டும். அங்கேயும் படம் வந்தால், இரு முனைகளும் நல்லவை. கோளாறு நடுவில் இருக்கிறது.

நடுவில் நான்கு துண்டுகள் இருந்தால், முதல் துண்டிலிருந்து ஒவ்வொன்றாகப் போகாமல் நடுத்துண்டின் வாயில் மானிட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே படம் வந்தால் முன்பாதி நல்லது, வராவிட்டால் பின்பாதியைத் தொட வேண்டியதே இல்லை. ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றிப் பார்த்தும் பயனில்லை என்றால் பழையதைத் திரும்ப வைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றிப் படம் வந்துவிட்டால், நல்ல பொருள் ஒன்றைக் குப்பையில் போடுவோம், அல்லது கெட்ட பொருளைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த அறைக்குப் போவோம்.

இந்தப் படியை நானே ஒருமுறை தாண்டிப் போனேன். ஓர் ஆலையின் கூட்ட அறையில், மேசையிலிருந்து டிவி வரை ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஒரே கேபிள் போகிறது என்று வரைபடத்தை நம்பி, அந்தக் கேபிளே போய்விட்டது என்று முடிவு செய்து, புதிய கேபிளை இழுக்க அரை நாள் செலவிட்டேன். இழுக்கும்போது பாதியில் ஏதோ தடுத்தது. சீலிங் பலகை ஒன்றை நகர்த்தி டார்ச் அடித்தால், கட்டுக்கம்பியில் ஒரு ஸ்ப்ளிட்டர் தொங்கிக்கொண்டிருந்தது. தூசியும் பல்லி எச்சமும் படிந்த அதன் அடாப்டரில், எரிய வேண்டிய விளக்கு எரியவில்லை. எப்போதோ இரண்டாவது டிவிக்காக யாரோ வைத்து, அந்த டிவியைக் கழற்றிய பிறகும் எடுக்காமல் விட்டது அது. முதலில் மானிட்டரைத் தூக்கிக்கொண்டு இரண்டு முனைகளையும் பார்த்திருந்தால், மறைவில் மின்சாரம் கேட்கும் பெட்டி ஒன்று இருக்கலாம் என்ற சந்தேகம் கால் மணி நேரத்தில் வந்திருக்கும்.

வரைபடம் இல்லாத அறையில், கேபிளின் இரு முனைகளிலும் உறையில் அச்சிட்டிருக்கும் எழுத்துகளை ஒப்பிட வேண்டும். அவை வேறாக இருந்தால் நடுவில் ஏதோ ஒன்று இருக்கிறது. சுவருக்குள் இரண்டு கேபிள்களைக் கப்ளர் போட்டு இணைத்திருந்தாலும் இப்படித்தான் தெரியும். நீண்ட பாதையில் அந்த இணைப்பே பலவீனமான இடம்.

நெட்வொர்க் கேபிள் வழி எக்ஸ்டெண்டர் என்றால், கேபிளின் உள்கம்பியைச் சுரண்டிப் பார்ப்பது நல்லது. உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். கணினிக்கு இணையம் தரும், எச்டிஎம்ஐயைத் தாங்காது. இத்தகைய எக்ஸ்டெண்டர்கள் பலவற்றில் உள்ள எச்டிபேஸ்டி முறை 100 மீட்டர் வரை போகும் என்பது முழுச் செம்புக் கேபிளுக்குச் சொன்ன கணக்கு.

6. ரெசல்யூஷனை இறக்கிப் பார்த்தல்

சிறிய கேபிளில் படம் வந்து நீண்ட கேபிளில் வரவில்லை என்றால், கேபிளை மாற்றும் முன் லேப்டாப்பிலும் கோடெக்கிலும் வெளியீட்டை 1080பி, 60 ஹெர்ட்ஸுக்கு இறக்க வேண்டும். 1080பி 60 ஹெர்ட்ஸுக்கு விநாடிக்கு ஏறத்தாழ 4.46 ஜிகாபிட் போதும். 4கே 30 ஹெர்ட்ஸுக்கு 8.91, 4கே 60 ஹெர்ட்ஸுக்கு 17.82 ஜிகாபிட் வேண்டும். பழைய அறையில் பைப்புக்குள் கிடக்கும் பத்து மீட்டர் கேபிள் முதல் எண்ணைத் தாங்கும், கடைசி எண்ணில் தடுமாறும். டிவியைப் புதிதாக 4கேக்கு மாற்றியவுடன் படம் மின்னத் தொடங்கியது என்ற புகார் வந்தால், குற்றவாளி டிவி அல்ல. அது கூடுதலாகக் கேட்கிறது, கேபிளால் கொடுக்க முடியவில்லை. கூட்டத்துக்கு 1080பி தாராளமாகப் போதும் என்பது என் கருத்து. கணக்குத் தாள்களைப் பெரிதாகக் காட்டும் அறைகளில் மட்டுமே 4கேக்காக நான் வாதாடுவேன்.

இதன் மறுபுறமும் உண்டு. கேபிள் நன்றாக இருந்தும் 4கே 60 வரவில்லை என்றால், டிவியில் அந்தக் குறிப்பிட்ட உள்ளீட்டுக்கு உயர்தர சிக்னலை அனுமதிக்கும் அமைப்பு அணைந்திருக்கலாம். பல டிவிகளில் இதை ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் தனித்தனியாக இயக்க வேண்டும்.

ஸ்ப்ளிட்டர் இருந்தால், இரண்டு டிவிகளில் எதனுடைய ஈடிஐடியை அது கோடெக்குக்குக் காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். ஒன்று 4கே, மற்றொன்று பழைய 1080பி என்றால், ஸ்ப்ளிட்டர் 4கேயின் தகவலைக் காட்டும்போது பழைய டிவி கறுத்துவிடும். கோடெக்கின் வெளியீட்டை 1080பியில் நிலையாக வைப்பதே இதற்கு எளிய தீர்வு.

கேமராவில் நம் நாட்டுக்கே உரிய சிக்கல் ஒன்று. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், விளக்கு வெளிச்சத்தில் படம் துடிப்பதைத் தவிர்க்கக் கேமராவின் வெளியீட்டையே யாராவது 1080பி 50க்கு மாற்றியிருப்பார்கள். சில கேமராக்களில் அடிப்பக்கமோ பின்பக்கமோ உள்ள சிறு திருகு சுவிட்சில் இது மாறும். எல்லா கோடெக்குகளும் 50ஐ ஏற்பதில்லை. ஏற்காதது கறுப்பாக நிற்கும். வெளியீட்டை 60க்குத் திருப்பிவிட்டு, துடிப்பைத் தடுக்க மெனுவில் உள்ள 50 ஹெர்ட்ஸ் அமைப்பையோ 1/100 விநாடி ஷட்டரையோ பயன்படுத்த வேண்டும். இவை இரண்டும் வேறு வேறு அமைப்புகள் என்பதைப் புதியவர்கள் கவனிப்பதில்லை.

7. லேப்டாப் பக்கத்துப் பிழைகள்

விண்டோஸ் லேப்டாப்பில் விண்டோஸ் பொத்தானையும் பி எழுத்தையும் சேர்த்து அழுத்தி, "டூப்ளிகேட்" தேர்வாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகியவற்றைச் சேர்த்து அழுத்தினால் கிராஃபிக்ஸ் டிரைவர் மறுதொடக்கம் ஆகும். இரண்டிலும் வரும் எழுத்து தமிழில் ஒரே ஒலியாக இருந்தாலும், முதலாவது பிரிண்டரில் வரும் பி, இரண்டாவது பேட்டரியில் வரும் பி. எல்லா யுஎஸ்பி-சி வாய்களும் படம் தருவதில்லை. சில, மின்னேற்றத்துக்கும் கோப்பு மாற்றத்துக்கும் மட்டுமே. அடாப்டரைக் குற்றம் சொல்லும் முன் அதை வேறு லேப்டாப்பில் போட்டுப் பார்க்க வேண்டும்.

லேப்டாப் திரை மட்டும் கோடெக்கில் கறுப்பாகத் தெரிந்தால் எச்டிசிபி என்ற உள்ளடக்கப் பாதுகாப்பை நினைக்க வேண்டும். கோடெக்கின் பகிர்வு உள்ளீடு பாதுகாக்கப்பட்ட காட்சியை எதிர்முனைக்கு அனுப்ப அனுமதிக்காது. கட்டணப் படத் தளத்தை மூடிவிட்டு வெறும் நோட்பேடைத் திறந்து சோதிக்க வேண்டும். ஆப்பிள் லேப்டாப்புகள், எதிரே உள்ள சாதனம் எச்டிசிபி தெரிந்ததாக இருந்தால், சாதாரணத் திரைக்கும் அதை இயக்கிவிடுவதுண்டு. அப்போது கோடெக்கின், அல்லது பல உள்ளீடுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்சர் பெட்டியின், உள்ளீட்டு அமைப்பில் எச்டிசிபியை அணைப்பதே வழி.

8. படம் உண்டு, ஒலி இல்லை

லேப்டாப்பில் ஒலி வெளியீடாக டிவி தேர்வாகியிருக்கிறதா என்று பார்த்து, ஒலி வடிவத்தை இரண்டு சேனல் பிசிஎம் என்ற சுருக்கப்படாத எளிய வடிவத்துக்கு மாற்ற வேண்டும். வழியில் டிவிஐ என்ற பழைய பட இணைப்புக்கான அடாப்டர் இருந்தால் ஒலியை எதிர்பார்க்க வேண்டாம்.

9. இடியும் எர்த்தும்

பாலக்காட்டுக் கணவாய்க்கு இப்பக்கம் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பிற்பகலில் இடியோடு வரும் மழையைத் துலாவர்ஷம் என்பார்கள். அந்த வாரங்களில் எனக்கு வரும் அழைப்புகளில், முந்தைய நாள் வரை நன்றாக இருந்த ஒரு வாய் மட்டும் செத்துப்போன கதைதான் அதிகம். டிவி எரிகிறது, மெனு தெரிகிறது, முதல் உள்ளீடு மட்டும் எதையும் காண்பதில்லை. இரண்டாவது உள்ளீட்டில் அதே கேபிள் வேலை செய்கிறது. இப்படி இருந்தால் அமைப்புகளில் தேட வேண்டியதில்லை. செத்த வாயின் மேல் நாடா ஒட்டி மூடிவிட வேண்டும், இல்லையென்றால் அடுத்து வருபவர் அதில்தான் செருகுவார்.

இடி இல்லாமலும் எர்த் தொல்லை தரும். மேசையின் சாக்கெட் மின்சாரத்தின் ஒரு பேஸிலும் டிவியுடையது வேறு பேஸிலும் இருந்து, எர்த் சரியில்லாத கட்டடமாக இருந்தால், எச்டிஎம்ஐயின் உலோக உறை வழியாக மின்னோட்டம் பாயும். செருகும்போது சிறு பொறி தெரியும், படம் அவ்வப்போது மறையும். சோதிக்க எளிய வழி: லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் மட்டும் ஓட்டிப் பார்ப்பது. படம் நிலைத்து நின்றால் சந்தேகம் உறுதியாகும். பிறகு சாக்கெட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்து அளக்க வேண்டும். 2, 3 வோல்ட்டைத் தாண்டினால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொல்லிவிட்டு நாம் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பிளக்கின் எர்த் பின்னை வெட்டினால் படம் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். படம் சரியாகலாம், ஆனால் அடுத்த பழுதில் அந்த மின்சாரம் டிவியின் உடலைத் தொடுபவர் வழியாக இறங்கும். ஒருபோதும் செய்யக்கூடாது. எல்லாச் சாதனங்களையும் ஒரே பேஸுக்கு, முடிந்தால் ஒரே யுபிஎஸ்ஸுக்குக் கொண்டுவருவதே முறை.

10. கிளம்பும் முன்

படம் வந்ததும் கிளம்பிவிடக் கூடாது. அரை மணி நேரம் சோதனை அழைப்பு ஒன்றை ஓடவிட்டு, இடையே டிவியை ஒருமுறை ரிமோட்டில் அணைத்து ஏற்றி, லேப்டாப்பை மூடித் திறந்து, கேபிளைக் கழற்றிச் செருகிப் பார்க்க வேண்டும். கோளாறு திரும்ப வந்தால் நம் முன்னால் வரட்டும்.

ஒரு சாதனத்தை அணைத்தால் மற்றதும் அணையும் சிஇசி அமைப்பை டிவியில் நிறுத்திவிடுவது நல்லது. எனிநெட் ப்ளஸ், சிம்ப்லிங்க், பிராவியா சிங்க் என்று ஒவ்வொரு பிராண்டிலும் ஒரு பெயரில் ஒளிந்திருக்கும். லேப்டாப் உறங்கப் போனதும் கூட்டத்தின் நடுவே டிவி வேறு உள்ளீட்டுக்குத் தாவுவது பெரும்பாலும் இதனால்தான். சிஇசி மூலமாகவே டிவியை எழுப்பும் கோடெக் என்றால், நிறுத்தும் முன் பொறுப்பாளரிடம் சொல்லிவிட வேண்டும்.

கடைசியாக, டிவிக்குப் பின்னால் உள்ள பெட்டிக் கதவின் உட்புறத்தில் ஒரு தாளை ஒட்டுகிறேன். டிவி உள்ளீடு 2, கோடெக் வெளியீடு 1080பி 60, கேமரா 60, சிஇசி அணைப்பு, ஏற்றும் வரிசை, தேதி, அவ்வளவுதான். அதைத் தமிழிலும், கீழே அலுவலக உதவியாளரைக் கொண்டே மலையாளத்திலும் எழுத வைக்கிறேன். தன் கையெழுத்தில் இருப்பதால், அடுத்த முறை டிவி கறுக்கும்போது என்னை அழைக்கும் முன் அவர் அந்தக் கதவைத் திறந்து பார்க்கிறார்.